சுடுநீர்த் தாங்கியின் அடியில் ஒரு சொட்டு

குளிர்தேசங்களுக்கு வந்து சேர்ந்த எமது மக்களின் வீடுகளிலே, எவரும் ஏறெடுத்துப் பாராத பொருள் ஒன்று உண்டு. தொலைக்காட்சிக்கு வரவேற்பறையில் இடமுண்டு. சாமிப் படங்களுக்கு ஒரு மூலையுண்டு. ஆனால் பேஸ்மன்ற் என்று நாம் எல்லோரும் சொல்லும் நிலவறையின் இருட்டிலே, ஆளுயரத்தில் நின்றுகொண்டு இரவுபகலாக உழைக்கும் சுடுநீர்த் தாங்கியை நினைப்பவர் எவருமில்லை. குழாயைத் திறந்தால் சுடுநீர் வருகிறது. வரும் வரைக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. கடந்த மாரி வரைக்கும் நாமும் கேட்டதில்லை.

ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவிலுள்ள எமது சிறிய வீட்டின் நிலவறையிலே ஓர் இளங்குடும்பம் குடியிருக்கிறது. கணவன் இரவு வேலைக்குப் போகிறவர். மனைவியும் நான்கு வயதுக் குழந்தையும் வீட்டில். அவர்களுடைய அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. தை மாதத்து விடிகாலை ஒன்றில் அந்தப் பெண் எமது கதவைத் தட்டினார்.

"அண்ணா, குறை நினையாதேங்கோ. ஒருக்காக் கீழை வந்து பாருங்கோ. தண்ணி நிக்குது."

இறங்கிப் பார்த்தோம். தாங்கியைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம். தாங்கியின் அடியிலிருந்த சிறிய பிளாஸ்ரிக் திருகுகுழாயிலிருந்து நூல்போல் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஐஸ்கிறீம் வாங்கிய வெற்றுப் பெட்டியொன்று நிரம்பி வழிந்தபடி இருந்தது. அந்தப் பெட்டியை அங்கே வைத்தது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"எவ்வளவு நாளாய் இப்பிடிச் சொட்டுது தங்கச்சி?"

"ரண்டு மாதம் இருக்கும் அண்ணா. படுக்கேக்கை ஒருக்கா, விடியவொருக்கா எடுத்து ஊத்திறனான். ராத்திரித்தான் கூடிப்போச்சு."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நாங்கள்தான் உடைச்சுப்போட்டம் எண்டு நினைப்பியளோ, வாடகையைக் கூட்டுவியளோ எண்டு பயமாக் கிடந்தது" என்றார்.

படிக்கட்டின் கீழே அவர்கள் வைத்திருந்த காகிதப் பெட்டியொன்றின் அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலர் கொடுத்த கடிதம், வைத்தியசாலைக் குறிப்புகள் ஆகிய எல்லாம் அதற்குள் இருந்தன. குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் ஆவணங்கள் சபையிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த ஆவணங்களை மேலே கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியொன்றை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினோம். கிராம அலுவலரின் கடிதத்தில் மாத்திரம் மை கலைந்து கையொப்பம் அழிந்திருந்தது. மற்றவை தப்பின. ஒரு குடும்பத்தின் வழக்கு முழுவதும் அன்று எமது மேசையில் காய்ந்துகொண்டிருந்தது.

இத்தகைய ஐஸ்கிறீம் பெட்டிகள் இந்நகரத்தின் நிலவறைகளிலே இன்னும் எத்தனையோ இருக்கும் என்பது எமது எண்ணம். அதனால்தான் அந்தச் சிறிய குழாயைப் பற்றி நாம் பட்டறிந்ததை இங்கே எழுதுகின்றோம்.

எது சொட்டுகிறது?

தாங்கியின் அருகே ஈரத்தைக் கண்டால், முதலில் அறிய வேண்டியது அது எங்கிருந்து வருகிறது என்பதே. பெரும்பாலும் அது மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, தாங்கியின் அடிப்பக்கத்தில் முன்புறமாக உள்ள வடிகால் வால்வு. தாங்கியைக் காலி செய்வதற்கென்று வைத்திருக்கும் குழாய் இது. தோட்டத்துக்கு நீரிறைக்கும் ஹோஸ் பைப்பைப் பூட்டக்கூடியவாறு அதன் வாயில் புரி வெட்டியிருக்கும். இதிலிருந்து சொட்டினால் வால்வை மாற்றிவிடலாம்.

இரண்டாவது, தாங்கியின் உச்சியில் அல்லது மேற்பக்கத்தில் உள்ள பாதுகாப்பு வால்வு. அதிலிருந்து ஒரு குழாய் நிலம் வரைக்கும் இறங்கும். உள்ளேயுள்ள நீரின் வெப்பம் 99 பாகை செல்சியஸை எட்டினால், அல்லது அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலை எட்டினால், அந்த வால்வு தானாகத் திறந்து நீரை வெளியே விடும். அது இல்லையேல் தாங்கி வெடிகுண்டுக்கு ஒப்பாகும். இந்தக் குழாய் சொட்டுகிறதென்று அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. அதனை ஒருபோதும் செய்யலாகாது. அங்கே சொட்டினால் தொழில் தெரிந்தவரை அழைப்பதே முறை.

மூன்றாவது, தாங்கியின் உடலே அரித்து, உறையின் கீழாக நீர் கசிவது. அதற்கு வைத்தியமில்லை. தாங்கியையே மாற்ற வேண்டும்.

ஒரு துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உலர்ந்த காகிதத் துண்டுகளை மூன்று இடங்களிலும் வைத்து ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் எது நனைகிறது என்பது தெரிந்துவிடும்.

'ஒரு சொட்டுத்தானே' என்று எண்ணுபவர்களுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு ஒரு துளி விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 துளிகள். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 4,000 துளிகள் என்று கொண்டாலும், நாளொன்றுக்கு 20 லீற்றருக்கு மேல் போகிறது. அதுவும் காசு கொடுத்துச் சூடாக்கிய நீர்.

கேத்திலின் அடியும் தாங்கியின் அடியும்

வடிகால் வால்வு ஏன் ஒழுகுகிறது? யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் இதனை விளக்குவது எளிது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்று நீரைக் கொதிக்க வைத்த கேத்திலின் அடியிலே வெள்ளை நிறத்தில் ஒரு படை கட்டியிருக்கும். அம்மாமார் அதனைச் சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போவார்கள். நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடேறும்போது காபனீரொட்சைட்டை இழந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. நீரின் தற்காலிக வன்மை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான்.

ரொறன்ரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரியின் நீர். எங்கள் கிணற்று நீரளவுக்கு இல்லாவிடினும் அதற்கும் ஓரளவு வன்மை உண்டு. வருடக்கணக்காகச் சூடாக்கப்படும் தாங்கியின் அடியிலே அந்தச் சுண்ணாம்பு மணல்போல் படிகிறது. வடிகால் வால்வு இருப்பதும் அடியிலேதான். என்றோ ஒருநாள் அதனைத் திறந்து மூடும்போது ஒரு சிறு மணி உள்ளேயுள்ள றப்பர் வளையத்தில் சிக்கிவிட்டால் பிறகு வால்வு முழுதாக மூடாது. விலை குறைவென்பதற்காகப் பல தாங்கிகளில் இந்த வால்வைப் பிளாஸ்ரிக்கில் செய்து பூட்டிவிடுகிறார்கள். பல வருட வெப்பத்தில் அது முறுகி நொருங்கும் தன்மையை அடைகிறது.

நாம் செய்த முதற் பிழை இதனை அறியாமல் செய்ததே. சொட்டை நிறுத்துவதாக எண்ணி அந்தத் திருகை மேலும் இறுக்கினோம். 'டிக்' என்றொரு சத்தம். நூலாக வழிந்த நீர் விரலளவாயிற்று. ஓடிப்போய் வீட்டுக்கு வரும் பிரதான நீர்க்குழாயைப் பூட்டினோம். அதன் பின்னரே வழிவது தணிந்தது. பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பது எமக்குத் தெரிந்திருந்தது நல்லூழ். இதனை வாசிப்பவர்கள் இன்றைக்கே தமது வீட்டில் அதனைத் தேடிப் பார்த்துவைத்தல் நன்று.

இந்த வகைத் தாங்கிக்கு ஒரு சிறு வரலாறும் உண்டு. நீரைச் சேமித்துத் தானாகவே சூடாக்கிக்கொள்ளும் தாங்கியை 1889 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் உருவாக்கியவர் எட்வின் ரூட் என்னும் பொறியியலாளர். நோர்வேயில் பிறந்து கடல்கடந்து வந்தவர் அவர்.

தாங்கி யாருடையது?

குறட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒன்ராறியோவில் பல வீடுகளின் சுடுநீர்த் தாங்கிகள் வாடகைக்கு எடுத்தவை. தாங்கியில் நிறுவனத்தின் பெயரொட்டி இருக்கும். மாதக் கட்டணப் பத்திரத்திலும் அதற்கென ஒரு தொகை காணப்படும். அப்படியாயின் அதனைத் திருத்துவது அந்நிறுவனத்தின் பொறுப்பு. நாம் கை வைக்கலாகாது. இன்னொன்று: தாங்கி பழுதென்று சொல்லிக் கதவைத் தட்டிவந்து ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குவோரிடம் எம்மவர் பலர் ஏமாந்ததுண்டு. அழைக்காமல் வீட்டுக்கு வந்து சுடுநீர்த் தாங்கிக்கு ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் முதலாந் திகதியிலிருந்து தடைசெய்துள்ளது.

வாடகைக்குக் குடியிருப்பவர்களாயின், வால்வை மாற்றுவது அவர்கள் வேலையல்ல. வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. 2006 ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டம் அவ்வாறே கூறுகிறது. சுடுநீரை அது அத்தியாவசிய சேவையாகக் கொள்கிறது. வாடகை பாக்கியிருந்தாலும் அதனை நிறுத்துவதற்குச் சொந்தக்காரருக்கு உரிமையில்லை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் இந்த உரிமை குறைவதுமில்லை. ஆயினும் சமையலறையையோ குளியலறையையோ சொந்தக்காரருடன் பகிர்ந்து வாழ்பவர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பழுதைக் கண்ட நாளன்றே, திகதி குறித்து, எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும். அறிவித்தும் திருத்தாவிட்டால் ரொறன்ரோவில் 311 என்ற இலக்கத்தை அழைத்து மாநகர சபையிடம் முறையிடலாம்.

தாங்கி எமது சொந்தமாகையால் அதனை மாற்றும் பொறுப்பு எம்முடையதாயிற்று. இங்கே குழாய் வேலை செய்து வாழும் ஊர் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்.

வேலையின் ஒழுங்கு

இந்த வேலையில் பலத்துக்கு இடமில்லை, ஒழுங்குக்கே இடம். ஒழுங்கு மாறினால் கை வேகும், அல்லது தாங்கி கெடும்.

முதலில் சூட்டை நிறுத்த வேண்டும். மின்சாரத் தாங்கியாயின் மின்பெட்டியில் அதற்குரிய இரட்டைச் சுவிச்சை அணைக்க வேண்டும். 240 வோல்ற் ஓடும் இடம் அது. எரிவாயுத் தாங்கியாயின் கட்டுப்பாட்டுத் திருகை அணைக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும். எரிவாயுக் குழாயை மாத்திரம் தொடவே கூடாது. அது அனுமதிப்பத்திரம் பெற்றவர்களின் வேலை.

அடுத்தது பொறுமை. தாங்கியிலுள்ள நீர் வழக்கமாக 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். கிருமிகள் பெருகாதிருக்க அந்த அளவு வேண்டும். ஆனால் அந்த வெப்பத்தில் ஐந்து விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். குழந்தைக்கு அதனிலும் குறைந்த நேரம் போதும். வால்வு உடையாமல் சொட்டுகின்ற நிலையில், முதல்நாள் இரவே சூட்டை அணைத்துவிட்டு, காலையில் வீட்டார் எல்லோரும் குளித்து முடித்த பின் தொடங்குவது நல்லது. மிஞ்சியிருக்கும் சூடும் போய்விடும்.

பின்னர் தாங்கியின் மேலே குளிர்நீர் வரும் குழாயின் வால்வை மூட வேண்டும். வடிகால் வால்வில் ஹோஸ் பைப்பைப் பூட்டி, மறுமுனையை நிலத்திலுள்ள வடிகால் துளையில் விட வேண்டும். மேல்மாடியில் ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். காற்று உள்ளே போனால்தான் நீர் வெளியே வரும். கவிழ்த்த போத்தலை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். எமது தாங்கி 180 லீற்றர் கொள்வது. வடிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது. சுண்ணாம்பு அடைத்து ஓட்டம் நின்றால், குளிர்நீர் வால்வை ஒரு சில விநாடிகள் திறந்து மூடினால் அடியிலுள்ளது கலங்கி இளகும்.

காலியானதும் பழைய வால்வை இடப்புறமாகத் திருகிக் கழற்ற வேண்டும். அடியில் எப்படியும் சில லீற்றர் நீர் தங்கியிருக்கும். தட்டமும் துணியும் தயாராக இருக்கட்டும். எமது பிளாஸ்ரிக் வால்வு பாதியில் முறிந்து, அதன் வளையம் தாங்கியின் புரிக்குள்ளேயே நின்றுவிட்டது. இரும்பு அரியும் வாளின் அலகை மாத்திரம் கையில் பிடித்து, புரியில் படாமல் அந்த வளையத்தில் ஒரு கீறல் போட்டு, உட்புறமாக மடக்கி எடுத்தார் நண்பர். அந்தத் துளையால் சாம்பல் நிறக் களியும் சுண்ணாம்புக் கற்களும் ஒரு சுண்டளவு வெளியே வந்தன. எமது கேத்திலை மீண்டும் கண்டதுபோல் இருந்தது.

புதிய வால்வு பித்தளையில் செய்ததாக இருத்தல் வேண்டும். உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறக்கும் வகையே சிறந்தது. அதன் வழி நேரானது, அகன்றது; மணல் சிக்காது. முக்கால் அங்குல அளவு பெரும்பாலான தாங்கிகளுக்குப் பொருந்தும். பித்தளையும் உருக்கும் நேரே தொட்டு நீரில் கிடந்தால் உருக்கு அரிக்கும். ஆகையால் இடையில் பிளாஸ்ரிக் உள்ளுறையிட்ட சிறு இணைப்புக் குழாயொன்றைப் பூட்ட வேண்டும். வால்வின் மறுபுறத்தில் ஹோஸ் பைப் பூட்டும் வாயும், அதற்கு ஒரு மூடியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சில பத்து டொலர்களே செலவாயின.

புரியைத் துலக்கி, வெள்ளை நிற ரெஃப்லோன் நாடாவைப் புரி இறுகும் திசையில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, முதலில் கையால் இறுகும்வரை திருகி, பின்னர் குறட்டினால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று. அவ்வளவுதான். நாம் இன்னும் அழுத்தப் போனபோது நண்பர் கையைப் பிடித்தார்.

"சேர், இறுக்கிறதிலை வீரம் காட்டாதேங்கோ. உள்ளுக்குக் கண்ணாடிப் பூச்சு. வெடிச்சுதெண்டால் துரு பிடிக்கும். பிறகு தாங்கியைத்தான் மாத்த வேணும்."

உருக்குத் தாங்கிகளின் உட்புறத்தில் துருவைத் தடுக்கக் கண்ணாடிப் பூச்சு இட்டிருப்பது உண்மை. பலரும் அறியாத செய்தி அது.

இனி நிரப்புதல். வடிகால் வால்வை மூடி, மேல்மாடிக் குழாயைத் திறந்தபடியே விட்டு, குளிர்நீரைத் திறக்க வேண்டும். குழாய் முதலில் இருமும், துப்பும். பின்னர் நீர் சீராக ஓடும். அதன் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு மூட வேண்டும். தாங்கி முழுதாக நிரம்பிய பின்னரே சூட்டைப் போட வேண்டும். மின்சாரத் தாங்கியில் இந்த ஒழுங்கு தவறினால், நீரில்லாத சூடாக்கும் கம்பி சிறிது நேரத்திலேயே எரிந்துபோகும். எரிவாயுத் தாங்கியாயின், அதன் உடலில் ஒட்டியிருக்கும் அறிவுறுத்தலின்படி மாத்திரம் மூட்ட வேண்டும். எரிவாயு மணம் வந்தால் எந்தச் சுவிச்சையும் தொடாமல் வெளியேறி, அங்கிருந்து அவசர உதவியை அழைக்க வேண்டும்.

கடைசியாக, அந்த மூடி. புதிய வால்வின் கைபிடி கால்வாசி திரும்பினாலே நீர் பீறிடும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் பிடி அது. ஆகையால் வாய்க்கு மூடியைப் பூட்டி, கைபிடியையும் கழற்றி, எட்டாத உயரத்தில் தாங்கியின் குழாயொன்றில் கட்டித் தொங்கவிட்டோம். மறுநாட் காலை வால்வின் அடியில் வைத்த காகிதம் உலர்ந்தே இருந்தது.

இன்னொரு பழுது

இவ்வளவையும் எழுதிய பின்னர், நாம் கற்ற பெரிய பாடம் குறட்டைப் பற்றியதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு சிறு வால்வை மாற்ற ஓர் அரைநாளும் சில டொலர்களும் போதுமாயிருந்தன. ஆனால் அந்தச் செய்தி பன்னிரண்டு படிகள் ஏறி எம்மிடம் வந்து சேர இரண்டு மாதங்கள் சென்றன. ஊரில் முறைப்பாடு சொல்லப் போனவர்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால், எம்மவர்க்கு வாய் திறக்க ஏன் அச்சம் என்பது விளங்கும். அந்த அச்சத்தை அவர்கள் கடல்கடந்தும் சுமந்து வந்திருக்கிறார்கள். அது எமது படிக்கட்டிலும் குடியிருந்தது. நாமோ, வாடகைக் காசை எண்ணி வாங்கிய நாட்களில் ஒருமுறையேனும் 'கீழே ஏதும் குறையுண்டோ' என்று கேட்டவர்களல்லர். அந்தப் பெட்டியை இரவும் பகலும் ஏந்தி ஊற்ற வைத்ததில் எமக்கும் பங்குண்டு.

கிராம அலுவலரின் கடிதத்துக்கு இன்னொரு பிரதி கேட்டு ஊருக்கு எழுதினார்கள். வருவதற்கு ஆறு கிழமைகள் சென்றன. விசாரணைத் திகதி இன்னும் குறிக்கப்படாதிருந்தபடியால் அதனால் தீங்கு நேரவில்லை. திகதி முன்னரே வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க எமக்கு விருப்பமில்லை. இப்போது அந்த ஆவணங்கள் நீர் புகாத பையொன்றில், சுவரில் உயரமாக அடித்த தட்டிலே இருக்கின்றன. நிலவறையில் வாழும் எல்லோருக்கும் இதனையே சொல்கின்றோம்: ஆவணங்களைத் தரையில் வைக்காதீர்கள்.

வால்வு மாற்றி இரண்டு கிழமைகளின் பின் அந்தப் பெண் மீண்டும் வந்து கதவைத் தட்டினார். "அண்ணா, குளியலறை யன்னல் கொக்கி உடைஞ்சுபோச்சு" என்றார். உடைந்து நாளாயிற்றோ என்று கேட்டோம்.

"இல்லை அண்ணா. இண்டைக்குக் காலமைதான்."

அன்று மாலையே மாற்றிக் கொடுத்தோம்.